கொவிட் காலத்தில் கோயிலை மூடியது யார், பொதி கொடுத்தது யார்? யாழ்ப்பாணத்துத் துறவற சபைகள் பற்றிய ஒரு விளக்கம்

கொவிட் பெருந்தொற்று யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது கத்தோலிக்கத் திருச்சபையைப் பற்றி இரண்டு விதமான பேச்சு ஒரே நேரத்தில் ஓடியது. நோய்க்குப் பயந்து கோயிலைப் பூட்டிவிட்டார்கள், இவர்களுடைய விசுவாசம் இவ்வளவுதானா என்பது ஒன்று. ஊரடங்கிலும் சுவாமிமாரும் சிஸ்டர்மாரும் வீடு வீடாகச் சாமான் கொண்டுவந்து தந்தார்கள் என்பது மற்றது. இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் சொன்னதும் உண்டு.

கத்தோலிக்கருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். மறைமாவட்டம், சபை, பங்கு, கரித்தாஸ் எல்லாம் ஒன்றுதானா? பணம் ரோமாபுரியிலிருந்து வருகிறதா? பூட்டிய கோயிலுக்குள் பூசை நடந்ததாமே, அது யாருக்காக? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு விடயம் இருக்கிறது: துறவற சபைகளின் கூட்டு வாழ்க்கை. ஆபத்து வேளையில் அவர்களால் விரைவாக இயங்க முடிந்ததற்கு அதுதான் காரணம். தொற்று உள்ளே நுழைந்தால் மடம் முழுவதும் விழக்கூடிய நிலைக்கும் அதுவே காரணம்.

முதலில், யார் யார்?

1. மறைமாவட்டக் குருக்கள். இவர்கள் மறைமாவட்டத் தலைவரான ஆயரின் கீழ் பங்குகளில், அதாவது ஊர்க் கோயில் சமூகங்களில், பணியாற்றுபவர்கள். யாழ். மறைமாவட்டம் என்பது யாழ்ப்பாணத்தோடு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களையும் உள்ளடக்கியது. 1886இல் மறைமாவட்டமாக உயர்த்தப்பட்டது. மன்னார் 1981இல் தனியாகப் பிரிந்தது.

2. துறவற சபையினர். வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளைக் கொடுத்து ஒரே இல்லத்தில் கூடி வாழ்பவர்கள். அமலமரித் தியாகிகள் 1847இல் இலங்கைக்கு வந்தார்கள். திருக்குடும்பக் கன்னியர் 1862இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். இங்கேயே பிறந்த சபையும் உண்டு. தோலகட்டியில் 1928இல் அமலமரித் தியாகியான தோமஸ் அடிகளார் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை அது. தோலகட்டி என்றதும் பலருக்கு நெல்லி ரசம்தான் நினைவுக்கு வரும். அந்தப் போத்தலுக்குப் பின்னால் இருப்பது மௌனமும் செபமும் உழைப்புமாக வாழும் ஒரு ஆச்சிரமம்.

3. பொதுநிலையினர் அமைப்புகள். பங்குகளில் இயங்கும் புனித வின்சென்ட் தி போல் சபை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பெயரில் சபை என்று இருந்தாலும் இவர்கள் துறவிகள் அல்லர், குடும்பஸ்தர். பிரெடெரிக் ஓசானம் என்ற மாணவர் 1833இல் பாரிஸில் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாரிஸை வாந்திபேதி சூறையாடியிருந்தது.

4. கரித்தாஸ். இது திருச்சபையின் உத்தியோகபூர்வ சமூகப் பணி அமைப்பு. யாழ். மறைமாவட்டத்தில் இதன் கிளைக்குக் கியூடெக் என்று பெயர். சம்பளம் பெறும் உத்தியோகத்தர், திட்டம், கணக்காய்வு எல்லாம் உள்ள நிறுவனம்.

இந்த நான்கும் ஒரே வாசலில் வந்து நின்றால் வாங்குபவருக்கு எல்லாம் கோயில் சாமான்தான். ஆனால் பணம் வந்த வழியும் முடிவெடுத்த ஆளும் நான்கிலும் வேறு வேறு.

துறவியின் வறுமை வார்த்தைப்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். பாடசாலையில் படிப்பிக்கும் ஒரு சிஸ்டர் அரசாங்கச் சம்பளம் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திருச்சபைச் சட்டத்தின் 668ஆம் விதிப்படி, துறவி தன் உழைப்பால் பெறுவது சபைக்குரியது. சம்பளம் மடத்தின் பொதுக் கணக்குக்குப் போகும். அவருக்குத் தேவையானதை மடம் கொடுக்கும். ஆகவே ஊரடங்கு வந்தபோது ஒவ்வொரு சிஸ்டரும் தனித்தனியாகத் தன் எதிர்காலத்துக்கென்று பொத்திப் பிடிக்க வேண்டிய பணம் இருக்கவில்லை. இல்லத் தலைவியும் ஆலோசகர்களும் கூடி முடிவெடுத்தால் அன்றைக்கே பொதுக் கணக்கிலிருந்து அரிசி வாங்கலாம். நிறுவனங்களில் இதே காரியத்துக்குக் கடிதம், ஒப்புதல், மூன்று விலைமனு என்று நாட்கள் போகும்.

நோய்க்காலம் இவர்களுக்குப் புதிதல்ல

1687இல் ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இலங்கையில் தடை இருந்தது. அப்போது பிச்சைக்கார வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர் கோவாவைச் சேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளார். வந்த வேகத்திலேயே கடும் வயிற்றுளைவு அவரைப் பிடித்துக்கொண்டது. தொற்றிவிடும் என்ற பயத்தில் ஊருக்கு வெளியே விடப்பட்டிருந்த அவருக்கு ஒரு பெண் கஞ்சி கொண்டுவந்து கொடுத்துக் காப்பாற்றினார் என்று அவருடைய சரிதைகள் சொல்கின்றன. பிறகு அவர் சில்லாலையைத் தளமாகக் கொண்டு மறைந்து பணியாற்றினார். ஆக, யாழ்ப்பாணக் கத்தோலிக்கத்தின் மறுமலர்ச்சியே தொற்றுநோயாளி ஒருவருக்குக் கிடைத்த கஞ்சியோடு தொடங்குகிறது. கொடுத்தவர் யார், எந்தச் சமயம் என்பதெல்லாம் பதிவில் இல்லை.

பத்து வருடம் கழித்து, 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரை விட்டு வெளியேறினார்கள். வீட்டாரே கைவிட்ட நோயாளிகளை வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனான யோசேவ் கார்வாலோ அடிகளாரும் பராமரித்தார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். ஒருகாலத்தில் உளவாளி என்று சந்தேகித்துச் சிறையில் வைத்த அதே கண்டி, அதன்பின் அவரைத் தடுக்கவில்லை. 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அமலமரித் தியாகிகளின் நிறுவுநர் யூஜின் டி மசனட் 1814இல் பிரான்ஸின் எக்ஸ் நகரில் ஒஸ்திரியப் போர்க்கைதிகளுக்குப் பணிசெய்யப் போய் டைபஸ் காய்ச்சலில் சாகக் கிடந்து தப்பியவர். சபை தொடங்கியது அதற்கு இரண்டு வருடத்துக்குப் பிறகு. யாழ்ப்பாணத்திலோ 19ஆம் நூற்றாண்டில் வாந்திபேதி திரும்பத் திரும்ப வந்தது. 1866-67இல் வந்தது மிகக் கொடியது.

இந்தப் பழைய கதைகளைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. கொவிட் காலத்தில் பலர் இந்தப் புனிதர்களைச் சுட்டிக்காட்டி, அவர்கள் நோயாளியைத் தொட்டார்கள், இவர்கள் கதவைப் பூட்டுகிறார்கள் என்று கேட்டார்கள். ஒப்பீடு பொருந்தாது. பெரியம்மை வந்தவரைப் பார்த்தால் தெரியும். கொவிட் தொற்றைச் சுமப்பவரை அப்படி அடையாளம் காண முடியாது, அறிகுறி தோன்றுமுன்னரே அவர் பிறருக்குத் தொற்றவைக்கலாம். வாஸ் அடிகளார் பணயம் வைத்தது தன் உயிரை. 2020இல் நிறைந்த கோயிலில் பூசை வைக்கும் குரு பணயம் வைத்திருக்கக்கூடியது முன்வரிசையில் இருக்கும் ஆச்சிமாரின் உயிரை. தன் உயிரைக் கொடுக்க ஒருவருக்கு உரிமை உண்டு. பிறர் உயிரைக் கொடுக்க இல்லை.

கோயில் மூடப்பட்ட விதம்

இலங்கையில் உள்நாட்டவர் ஒருவருக்கு முதன்முதலில் தொற்று உறுதியானது 2020 மார்ச் இரண்டாம் வாரத்தில். மார்ச் 20 மாலை நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. வடக்கில் பேச்சுப்பொருளானது அரியாலை. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த போதகர் ஒருவர் மார்ச் 15இல் அங்கு ஆராதனை நடத்தித் திரும்பிய பின் அவருக்குத் தொற்று இருப்பது தெரியவந்தது. கலந்துகொண்டவர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள். மற்ற மாவட்டங்களில் ஊரடங்கு தளர்ந்தபோதும் யாழ்ப்பாணம் அபாய வலயப் பட்டியலில் நீடித்தது.

அந்தப் போதகரின் சபை கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்ததல்ல. ஆனால் செய்திகளில் தேவாலயம் என்று பொதுவாக வந்ததால் பொதுமக்கள் மனதில் எல்லாக் கிறிஸ்தவரும் ஒன்றாகிவிட்டார்கள். அந்தப் போதகரைக் குற்றவாளியாக்கியதும் நியாயமில்லை. அப்போது எவருக்கும் தெரியாமல்தான் நோய் பரவிக்கொண்டிருந்தது.

கத்தோலிக்கப் பக்கம் மூடுவதற்கான சட்ட அடிப்படை தெளிவானது:

1. ஞாயிறு பூசையில் பங்குபற்றுவது கத்தோலிக்கருக்குக் கடமை (1247ஆம் விதி).

2. குரு இல்லாமலோ வேறு பாரதூரமான காரணத்தாலோ அது இயலாது போனால், குடும்பமாகவோ குழுவாகவோ வேண்டுதலில் நேரம் செலவிடும்படி 1248ஆம் விதியே சொல்கிறது. கொள்ளைநோய் பாரதூரமான காரணம் என்பதில் சந்தேகமில்லை.

3. இத்தகைய கடமையிலிருந்து தன் மக்களுக்கு விலக்களிக்க ஆயருக்கு அதிகாரம் உண்டு (87ஆம் விதி).

4. குரு நாள்தோறும் பூசை வைக்கும்படி 904ஆம் விதி வலியுறுத்துகிறது. சனம் இல்லை என்பதற்காகப் பூசை செல்லாமற் போகாது. பூட்டிய கோயிலுக்குள் பூசை நடந்தது இதனால்தான். அது ஊர் முழுவதற்குமாக ஒப்புக்கொடுக்கப்பட்டது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இலங்கைக் கத்தோலிக்கருக்கு வீட்டிலிருந்து பூசை காண்பது 2020இல் முதல் தடவை அல்ல. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின் பாதுகாப்புக் காரணமாகப் பொதுப் பூசைகள் நிறுத்தப்பட்டு, தொலைக்காட்சியில் பூசை ஒளிபரப்பானது. ஒரு வருடத்துக்குள் இரண்டாவது பூட்டு. 2020இல் உயிர்த்த ஞாயிறு ஏப்ரல் 12இல் வந்தது. பாசையூரிலும் குருநகரிலும் பெரிய வெள்ளி என்றால் வீதி கொள்ளாத சனம். அந்த வருடம் வீதியில் ஆளில்லை.

திருவிழாக்களும் விழுந்தன. யாழ். மறைமாவட்டப் பொறுப்பிலுள்ள கச்சதீவு அந்தோனியார் திருவிழா 2020 மார்ச் தொடக்கத்தில், முடக்கத்துக்குச் சற்று முன்னர் நடந்து முடிந்தது. 2021இல் இரத்தானது. 2022இல் மட்டுப்படுத்தப்பட்ட தொகையினருடன் நடந்தது.

கோயில் இல்லாமல் விசுவாசம்

சாதாரணக் கத்தோலிக்கருக்குக் கோயில் மூடியதை விடப் பெரிய பயம், நன்மை (நற்கருணை அப்பம்) வாங்காமல், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யாமல், கடைசிப் பூசுதல் இல்லாமல் செத்துப்போவோமோ என்பது. மூன்றுக்கும் திருச்சபையின் பழைய போதனையில் விடை இருந்தது. பெருந்தொற்று அதைத் தூசு தட்டி எடுத்தது.

ஆன்மீக நற்கருணை: நற்கருணையை வாயால் பெற முடியாதபோது, பெற வேண்டும் என்ற விருப்பத்தை வேண்டுதலாகச் சொல்வது. முன்னைய தலைமுறைக்குப் பழக்கமான செபம் இது. போர்க்காலத்தில் குரு வரமுடியாத வன்னிக் கிராமங்களில் இருந்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை.

உத்தம மனஸ்தாபம்: தண்டனைப் பயத்தால் அன்றி இறைவன் மீதுள்ள அன்பால் பாவத்துக்கு வருந்துவது. முடிந்த உடனே பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்ற உறுதியும் சேர்ந்தால், குரு இல்லாமலே சாவான பாவமும் (மிகக் கனமான பாவம்) மன்னிக்கப்படும் என்பது திருச்சபையின் போதனை. 2020 மார்ச் 20இல் வத்திக்கான் இதை மறுபடி நினைவூட்டியது. நோயாளிகளால் நிறைந்த விடுதிகளில் தனித்தனியாகக் கேட்க முடியாத நிலை வந்தால் பொதுப் பாவமன்னிப்பு வழங்க இடமுண்டு என்றும் சொன்னது. தொற்றாளர், அவர்களைப் பராமரிப்போர், அவர்களுக்காக வேண்டுவோர் ஆகியோருக்குப் பரிபூரண பலனையும் (பாவத்துக்குரிய தண்டனை முழுவதும் நீங்கும் சலுகை) அதே நாளில் அறிவித்தது.

நோயிற்பூசுதல்: இதற்குக் குரு நேரில் வந்தே ஆகவேண்டும், தொலைபேசியில் கொடுக்க முடியாது. ஆனால் விரலால்தான் பூசவேண்டும் என்பதில்லை. பாரதூரமான காரணம் இருந்தால் கருவி ஒன்றைப் பயன்படுத்தலாம் என்று 1000ஆம் விதி அனுமதிக்கிறது. நடைமுறையில் அது ஒரு பஞ்சுத்துண்டு. ஆசீர்வதித்த எண்ணெயில் தோய்த்து, கையுறையோடு நெற்றியிலும் கையிலும் தொட்டு, பிறகு அந்தப் பஞ்சை எரித்துவிடுவது. பல நூற்றாண்டுகளாகக் கொள்ளைநோய்களோடு வாழ்ந்த ஒரு அமைப்பு எழுதிய சட்டம் என்பது இந்த ஒரு வரியிலேயே தெரிகிறது.

மடங்களின் நிலை கொஞ்சம் வேறு. துறவற இல்லத்தில் சிற்றாலயம் இருக்கும், நற்கருணை வைக்கப்பட்டிருக்கும். சுவாமிமார் இருக்கும் இல்லங்களில் பூசையும் நின்றிருக்காது. கன்னியர் மடங்களில் வெளியிலிருந்து குரு வந்தால்தான் பூசை. தொற்றுப் பயத்தில் அதுவும் நின்றால் சிஸ்டர்மாரும் சனங்களைப் போலவே திரையைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும். தோலகட்டி போன்ற செப இல்லங்களுக்கு இன்னொரு கேள்வி வந்திருக்கும்: உலகம் தவிக்கும்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? அவர்களுக்குச் செபமே வேலை. நம்பிக்கை இல்லாதவருக்கு இது பதிலாகத் தோன்றாது. நம்பிக்கை உள்ளவருக்கு வேறு பதில் தேவையில்லை.

பொதி வாசலுக்கு வந்த வழி

ஊரடங்கில் முதலில் அடிபட்டது நாட்கூலிக் குடும்பங்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறைக் கரைகளில் மீன் வாங்க வெளியூர் லொறி வரவில்லை. நண்டும் கடலட்டையும் ஏற்றுமதிச் சரக்கு. விமானமும் கப்பலும் நின்றால் அவை கரையில் வெறும் பொருள். மேசன், பெயின்டர், கடைச் சிப்பந்தி, வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் வருமானம் இழந்தார்கள். அரசாங்கம் 2020 ஏப்ரல், மே மாதங்களில் 5,000 ரூபாய் கொடுத்தது. அரசாங்க நலன்புரித் திட்டமான சமுர்த்தியின் பட்டியலிலோ காத்திருப்புப் பட்டியலிலோ பெயர் இல்லாதவர்கள் அதற்கும் அலைந்தார்கள். துறவற சபைகளும் பங்குகளும் நுழைந்தது இந்த இடைவெளியில்தான். அதற்கு நான்கு விடயங்கள் கைகொடுத்தன.

1. பட்டியல். பங்குக் குருவிடம் குடும்பப் பதிவு இருக்கும். எந்த வீட்டில் உழைப்பவர் இல்லை, எந்த வீட்டில் படுக்கையில் ஆள் என்பது வின்சென்ட் தி போல் சபையாருக்குத் தெரியும். வாராவாரம் வீடு சந்திப்பது அவர்களின் வழமை. ஊரடங்கு வந்தபின் இருந்து பட்டியல் எழுதுபவர் பிந்திவிடுவார்.

2. அனுமதி. பிரதேச செயலகம், பொலிஸ், பொது சுகாதாரப் பரிசோதகர் என்று மூன்று இடத்தில் கேட்க வேண்டும். ஊரில் அறிந்த அங்கிக்கு பாஸ் கிடைப்பது மற்றவர்களைவிட எளிது. இதைச் சலுகை என்று சொன்னால் மறுக்க முடியாது.

3. இடமும் ஆளும். பாடசாலைகள் மூடியிருந்தன. மடத்து மண்டபம் வெறுமையாக இருந்தது. படிப்பிக்கும் சிஸ்டர்மார் வீட்டிலிருந்தார்கள், வீடு என்றால் மடம். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்கள் கூடி வேலை செய்ய எந்த ஊரடங்கும் தடையில்லை.

4. பணம். ரோமாபுரியிலிருந்து லொறியில் வருவதில்லை. சபையின் பொதுப்பணம், மற்ற நாடுகளிலுள்ள அதே சபை இல்லங்களின் உதவி, கரித்தாஸ் வலையமைப்பின் திட்ட நிதி, எல்லாவற்றுக்கும் மேலாகப் புலம்பெயர்ந்த ஊரவர் அனுப்பியது. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் அவர்களும் அப்போது முடக்கத்தில்தான் இருந்தார்கள். இதே நேரத்தில் பங்கின் வழமையான வருமானம் வற்றியிருந்தது. கோயில் பூட்டினால் காணிக்கை இல்லை, பூசைக் காசு இல்லை, திருவிழாப் பணமும் இல்லை. தேவை ஏறிய அளவுக்கு வரவு இறங்கியது.

வழக்கமான உலருணவுப் பொதி ஒன்றை விரித்தால் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, தேயிலை, சோயாமீற், உப்பு, ஒரு சவர்க்காரம் இருக்கும். அரிசி 5 கிலோ என்று எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் என்றால் நாலு நாளைக்குக் கிட்டக் காணும். மாவில் பிட்டு, ரொட்டி என்று ஓட்டினால் ஒரு வாரம். ஆகவே ஒரு தரம் பொதி கொடுத்துப் படம் எடுப்பது யாருக்கும் இயலும், மூன்றாம் வாரம் திரும்பி வருவதுதான் கடினம். பொதிக்குள் இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும்: நீரிழிவு மருந்து, குழந்தைக்குப் பால்மா, மண்ணெண்ணெய், பெண்களுக்கு வேண்டிய மாதாந்தத் துணி, பிள்ளைகளின் சூம் வகுப்புக்கு டேட்டா. இவற்றை ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம்தான் கேட்பாள். கன்னியர் மடத்து வாசலில் கேட்கக்கூடியதைக் கிராம அலுவலரிடம் கேட்க மாட்டாள்.

சந்தைகள் பூட்டியதால் வலிகாமத்துத் தோட்டங்களில் மரக்கறி தேங்கியது என்பது இன்னொரு பக்கம். ஒரு பக்கம் வாங்க வழியில்லை, மறுபக்கம் விற்க வழியில்லை. தோட்டக்காரரிடம் நேரே வாங்கிப் பொதியில் போட்டால் ஒரே பணம் இரண்டு குடும்பத்துக்கு உதவும். கடைச் சாமானை மட்டும் நம்பிய பொதிகள் இந்த வாய்ப்பைத் தவறவிட்டன.

கத்தோலிக்கருக்கு மட்டும் கொடுத்தார்களா? கரித்தாஸ் ஏற்றுக்கொண்ட மனிதாபிமான ஒழுக்கக் கோவை 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்தது. தேவை மட்டுமே அளவுகோல், சமயம் பார்க்கக் கூடாது, உதவியைக் காட்டி மதம் பரப்பக் கூடாது என்பது அதன் சாரம். ஆனால் பங்குப் பட்டியலில் இருந்து தொடங்கினால் முதலில் போய்ச் சேர்வது பங்குக் குடும்பங்களுக்கே. இது வஞ்சகத்தால் வருவதல்ல, பட்டியலின் இயல்பு. இந்துக்கள் பெரும்பான்மையாக உள்ள யாழ்ப்பாணத்தில் உதவி என்றால் மதமாற்றம் என்ற சந்தேகம் எப்போதும் தயாராக நிற்கும். அதற்கு நல்ல மருந்து கிராம அலுவலரின் பட்டியலோடு தங்கள் பட்டியலை ஒத்துப் பார்ப்பது. அப்படிச் செய்த இடங்களில் ஒரே வீட்டுக்கு மூன்று பொதி, பக்கத்து வீட்டுக்கு ஒன்றுமில்லை என்ற நிலையும் குறையும்.

பிறகு அந்தப் படங்கள். பொதியை நீட்டும் கை, வாங்கும் முகம், பேஸ்புக். வலது கை செய்வது இடது கைக்குத் தெரியாதிருக்கட்டும் என்று நற்செய்தியில் வாசிப்பவர்களுக்கு இது அழகில்லை. வெளிநாட்டு உதவியாளருக்கு ஆதாரம் வேண்டும் என்பது சரிதான். பொதிகளைப் படம் எடுக்கலாம், கையெழுத்துப் பட்டியலை அனுப்பலாம். முகம் எதற்கு?

கூட்டு வாழ்க்கையின் விலை

ஒரே சாப்பாட்டு அறை, ஒரே சிற்றாலயம், பொதுக் குளியலறை, பல இல்லங்களில் வயது முதிர்ந்த துறவிகள். இதுதான் மடம். கொவிட் விரும்பிப் படரும் சூழலும் இதுதான். இத்தாலியில் 2020 வசந்தத்தில் மடங்களிலும் ஓய்வுபெற்ற குருக்களின் இல்லங்களிலும் மரணங்கள் குவிந்தன. இந்த ஆபத்தைச் சமாளிக்க வெளியே போகிறவர், உள்ளே இருப்பவர் என்று மடத்தையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். பொதி கொண்டுபோகும் இளைய சிஸ்டர் வேறு அறை, வேறு மேசை, வேறு நேரம். நோயுற்ற மூத்த சிஸ்டருக்குச் சாப்பாடு கதவடியில். கூடி வாழ்வதற்கென்றே வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்கு இது சின்ன விடயமல்ல. முதியோர், அநாதைப் பிள்ளைகள் இருக்கும் இல்லங்களை நடத்தும் சபைகளுக்கு இன்னும் கடினம். அங்கே பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதா வைத்திருப்பதா என்ற முடிவு, வீடு என்று ஒன்று இல்லாத பிள்ளையின் விடயத்தில் முடிவே அல்ல.

அடக்கமும் இரணைதீவும்

2020 ஏப்ரல் 11 வர்த்தமானி கொவிட்டால் இறந்தவர்களைத் தகனம் செய்வதைக் கட்டாயமாக்கியது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்திருந்தது. முஸ்லிம்களுக்கு இது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. கத்தோலிக்கரின் நிலை வேறு: திருச்சபை 1963 முதல் தகனத்தை அனுமதிக்கிறது. 1176ஆம் விதி அடக்கத்தை வலியுறுத்துகிறதே தவிர தகனத்தைத் தடுக்கவில்லை. சாம்பலைத் தூவாமல் புனிதமான இடத்தில் வைக்கவேண்டும் என்று 2016 அறிவுறுத்தல் சொல்கிறது. ஆகவே சட்டப்படி கத்தோலிக்கருக்குச் சிக்கல் குறைவு. ஆனால் சேமக்காலையில் (கல்லறைத் தோட்டத்தில்) தாய் தகப்பனுக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைக்கும் ஊரில், சவப்பெட்டி வீட்டுக்கே வராமல் சுடலைக்குப் போவது சட்டத்தால் ஆறும் காயமல்ல.

2021 பெப்ரவரி 25இல் கட்டாயத் தகனம் நீக்கப்பட்டது. அடுத்த வாரமே அடக்கத்துக்கான இடமாக இரணைதீவு அறிவிக்கப்பட்டது. இரணைதீவு பூநகரிப் பிரதேசத்தில், யாழ். மறைமாவட்டத்துக்குள் இருக்கும் கத்தோலிக்க மீனவர் தீவு. மக்கள் 1992இல் வெளியேற்றப்பட்டு, கால் நூற்றாண்டு இரணைமாதா நகரில் இருந்து போராடி, 2018இல்தான் ஊர் திரும்பியிருந்தார்கள். மார்ச் 3இல் அவர்களும் குருக்களும் எதிர்ப்புக் காட்டினார்கள். இதைப் பலர் முஸ்லிம் சடலங்களுக்கு எதிரான கத்தோலிக்கப் போராட்டம் என்று பிழையாக விளங்கிக்கொண்டார்கள். அரசாங்கமே இதுவரை ஆபத்தென்று சொல்லிவந்த உடல்களை, யாரையும் கேட்காமல், அப்போதுதான் திரும்பி வந்த மீனவரின் தீவில் கொண்டுவந்து வைப்பதே பிரச்சினை. ஒரு சிறுபான்மையின் நோவை இன்னொரு சிறுபான்மையின் தலையில் இறக்கும் வேலை அது. மார்ச் 5 முதல் அடக்கங்கள் மட்டக்களப்பு ஓட்டமாவடியில் நடந்தன. கட்டாயத் தகனத்துக்கு மன்னிப்புக் கோர அமைச்சரவை தீர்மானித்தது 2024 ஜூலையில்.

தடுப்பூசி

இங்கே ஒரு சிறு குறிப்புப் போதும். சில தடுப்பூசிகளின் ஆய்விலோ உற்பத்தியிலோ பல பத்தாண்டுகளுக்கு முன் கருக்கலைப்பிலிருந்து பெறப்பட்ட கலவரிசை (ஆய்வுகூடத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் உயிர்க்கலங்கள்) பயன்பட்டது. அதைப் போடலாமா என்ற கேள்விக்கு, வேறு தெரிவு இல்லாதபோது போடுவது ஒழுக்கப்படி ஏற்கத்தக்கது என்று 2020 டிசம்பர் 21இல் வத்திக்கான் பதிலளித்தது. யாழ்ப்பாணத்தில் 2021 மே இறுதியில் பொதுமக்களுக்கு ஏற்றத் தொடங்கியது சீனத் தடுப்பூசியான சைனோபாம். அது குரங்கின் சிறுநீரகக் கலங்களில் வளர்க்கப்படுவது. இங்கே வட்ஸ்அப்பில் பறந்த வாதத்தில் பாதி ஐரோப்பாவிலிருந்து வந்த வேறு ஊசியைப் பற்றியது.

நேரலைப் பூசை இன்றும் செல்லுமா?

பெருந்தொற்றில் தொடங்கிய நேரலைப் பூசை பல பங்குகளில் நிற்கவில்லை. திருவிழா நேரலைக்குக் காத்திருப்பவர்களில் பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் ஊரவர். சட்டநிலை இதுதான்: நோயாளி, முதியவர், அவர்களைப் பராமரிப்பவர், போக முடியாத தொலைவில் இருப்பவர் ஆகியோரைக் கடமை கட்டுப்படுத்தாது. அவர்கள் திரையில் பார்ப்பது செபத்துக்குத் துணை. போகக்கூடியவர் வீட்டிலிருந்து பார்ப்பது ஞாயிறு கடமையை நிறைவேற்றாது, ஆயர் கொடுத்த விலக்கு நீங்கிய நாளோடு அந்தச் சலுகை முடிந்துவிட்டது. படுக்கையில் இருப்பவருக்கு நன்மை வேண்டுமானால் பங்குக் குருவுக்குச் சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்குக் கொண்டுவருவார்கள்.